பதினேழு குறைகள்

பிப்ரவரி 19. மேற்கு ஆப்பிரிக்கா, ஆற்றுமுகத் துறைமுகம்

பாக்சைட் தாது ஏற்றி முடிந்தது. ஐம்பத்திரண்டாயிரம் டன். கப்பல் முழுக்கச் செந்தூள். பல் துலக்கினால் நுரை செங்கல் நிறத்தில் வருகிறது.

இந்த நோட்டை மேசை இழுப்பறையில் வைக்கிறேன். அதற்குப் பூட்டு இல்லை. கப்பலின் அன்றாடப் பதிவான லாக் புத்தகம் கேப்டனுடையது, இது என்னுடையது. என்றாலும் வேறு யாராவது எடுத்துப் படிக்கக்கூடும் என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன். பதினெட்டு வருஷப் பழக்கம் அது.

காலை பத்தரைக்குத் துறைமுகச் சோதனை அதிகாரி ஏறினார். நேராகக் கேப்டன் பிஷ்டின் அறைக்குப் போனார். நாற்பது நிமிஷம் கழித்து இறங்கினார். கையில் இரண்டு சிகரெட் பெட்டிகள். எங்கள் தாளில் ‘குறை ஏதுமில்லை’ என்று முத்திரை. இவ்வளவு நேரமும் போசன் பெனிட்டோ எமர்ஜென்சி ஃபயர் பம்ப் அறையின் மூடியைத் திறந்துவைத்து, டார்ச்சோடு வெயிலில் நின்றிருந்தார். அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

“என்ன மாப்ள, பாக்காமயே பாஸா?” என்றார்.

“டெக்குல வச்சு மாப்ளன்னு கூப்பிடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன் மச்சான்.”

“சரிங்க சீஃப் ஆபீசர் சார். பாக்காமயே பாஸா சார்?”

பெனிட்டோ ரொட்ரிகோ என் மனைவி ரெஜினாவின் அண்ணன். ஐம்பத்து மூன்று வயது. மேல்தள ஆட்கள் எல்லாருக்கும் அவர்தான் மேஸ்திரி. அவருக்கு மேலே நான். இரண்டு பேரும் ஒரே கப்பலில் போகவேண்டாம் என்று ரெஜினா தூத்துக்குடியில் வைத்தே சொன்னாள். “சண்ட வந்தா நான் எந்தப் பக்கம் நிக்க?” என்று கேட்டாள். இதுவரை சண்டை இல்லை.

பிப்ரவரி 22. கடலில்

தள்ளாட்டம் அதிகம். அக்குளில் ஒரு கட்டி, கையை உயர்த்த முடியவில்லை.

பெனிட்டோ மறுபடி பம்ப் விஷயத்தை எடுத்தார். எஞ்சின் அறையில் தீப்பிடித்து மின்சாரம் போய்விட்டால், கடல் தண்ணீரை இழுத்துக் குழாய்களுக்குத் தருவதற்கென்று முன்பக்கம் தனி டீசல் எஞ்சினோடு இருப்பது அது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. தண்ணீர்தான் வருவதில்லை. கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வு துருவேறி இறுகிக் கிடக்கிறது.

“அக்டோபர்ல சொன்னேன். சனவரில சொன்னேன். இப்பவும் சொல்லுதேன். அந்த வால்வ மாத்தாம இந்தக் கப்பல்ல ஒரு தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது மாப்ள.”

“ஆபீசுக்கு எழுதியாச்சு மச்சான். ரிப்பேருக்கு டிரை டாக்குல ஏத்தும்போது பாக்கலாம்னு சொல்லுதாவ.”

“டிரை டாக்கு அடுத்த வருசம்லா.”

மூன்று முறை எழுதினேன் என்பது உண்மை. மாதாந்திரச் சோதனைப் படிவத்தில் ஐந்து மாதமாக ‘நன்றாக இயங்குகிறது’ என்று நிரப்பி வருகிறேன் என்பதும் உண்மை. அப்படி இல்லாமல் அனுப்பினால் படிவம் திரும்பி வரும். படிவத்தில் வேறு எழுத இடமும் இல்லை.

பிப்ரவரி 26. கடலில்

மதியம் இரண்டு இருபதுக்கு, எரிபொருளைச் சுத்தம் செய்யும் ப்யூரிஃபையர் அறையில் தீ. ஒரு எண்ணெய்க் குழாய் வெடித்துச் சூடான இரும்பின்மேல் பீய்ச்சியடித்திருக்கிறது. ஒரே நிமிஷத்தில் மின்சாரம் போனது. பெனிட்டோ முன்பக்கம் ஓடி எமர்ஜென்சி பம்பைக் கிளப்பினார். அதன் சத்தம் பின்பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. குழாயின் முனையைப் பிடித்து நின்றேன். குழாய் செத்த பாம்பு மாதிரி தட்டையாகக் கிடந்தது.

கையில் தூக்கும் தீயணைப்பான்களாலும் வாளித் தண்ணீராலும் அணைத்தோம். முப்பத்தைந்து நிமிஷம். உண்மையில் அணைத்தது ஜிக்னேஷ். எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் ஆயிலர், வல்சாட் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, முப்பது வயது, நாலு வயதில் ஒரு மகள். எண்ணெய் வரும் வால்வு தீக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போய் வெறுங்கையால் அதை மூடினார்.

இரண்டு கையும் முழங்கை வரை. வலது கன்னம். கையுறை என்று நினைத்து நான் உரித்தது கையுறை இல்லை.

பிப்ரவரி 27

கப்பலில் மருத்துவப் பொறுப்பு எனக்கு. காலையும் மாலையும் கட்டு மாற்றுகிறேன். மார்ஃபின் ஊசி எட்டு இருந்தது, இப்போது ஐந்து.

லாக் புத்தகத்தில் கேப்டன் எழுதியிருப்பது: ‘குழாய் உடைந்து வெந்நீர் பட்டதில் ஆயிலருக்குக் காயம்.’ சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து.

மார்ச் 2. கேனரித் தீவுகளுக்கு வெளியே நங்கூரத்தில்

எரிபொருள் நிரப்ப ஏழு மணி நேரம் நின்றோம். கரை கண்ணுக்குத் தெரிந்தது. வெள்ளைக் கட்டடங்கள், மலைமேல் ஏறும் ஒரு பஸ் கூடத் தெரிந்தது. ஜிக்னேஷுக்கு நூற்றுமூன்று காய்ச்சல். புண்ணில் வாடை வரத் தொடங்கிவிட்டது.

கேப்டனிடம் போய்ச் சொன்னேன். “சார், படகு பக்கத்துல நிக்குது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்.”

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். “அனுப்பினால் டாக்டர் தீக்காயம் என்று எழுதுவார். ஒரு மணி நேரத்தில் சோதனைக்காரர்கள் ஏறுவார்கள். பம்ப்பைப் பார்ப்பார்கள். யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள். யோசித்துப் பார், கிளாட்வின். இன்னும் ஒரு வாரம். அயர்லாந்தில் ஏஜென்ட் மூலமாகச் சத்தமில்லாமல் இறக்கிவிடலாம்.”

நான் யோசித்தேன்.

கப்பலை ஓட்டும் மேல்தட்டான பிரிட்ஜின் ஓரத்தில் நின்றால் ஃபோனில் சிக்னல் வந்தது. ரெஜினாவோடு ஆறு நிமிஷம் பேசினேன். பிறகு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நாலு புகைப்படங்கள் சேர்த்தேன். யாருக்கு, எதைப் பற்றி என்பதெல்லாம் இந்த நோட்டுக்கு வேண்டாம். புதிதாக ஒரு முகவரி உண்டாக்கி அதிலிருந்து அனுப்பி, அனுப்பியதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் 5. கடலில்

என் அக்குள் கட்டி உடைந்தது. நிம்மதி. ஜிக்னேஷ் என்னைப் பார்த்து “சாப், விரல் எல்லாம் இருக்கா?” என்று கேட்டார். இருக்கு என்றேன்.

மார்ச் 9. கில்மோரன் துறைமுகம், அயர்லாந்து

மழை, குளிர். எட்டு மணிக்குக் கப்பலைக் கரையில் கட்டினோம். எட்டேகாலுக்கு ஏணியில் இரண்டு பேர். முன்னால் வந்தவர் ஓர்லா கீனன், அந்நாட்டுச் சோதனை அதிகாரி. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். சொந்த டார்ச், சொந்தச் சுத்தியல். கேப்டன் காபி சாப்பிடக் கூப்பிட்டார். “பிறகு” என்று சொல்லிவிட்டு நேராக முன்பக்கம் நடந்தார். எந்த மூடியைத் திறக்கவேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை.

பம்பை ஓட்டச் சொன்னார். குழாய் முனையைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் மழையில் நின்றார். முனையிலிருந்து ஒரு கரப்பான் பூச்சி வெளியே வந்தது. அவ்வளவுதான்.

அடுத்து உயிர்காப்புப் படகு. அதன் எஞ்சின் கிளம்பவில்லை. அடுத்து கருகின ப்யூரிஃபையர் அறை. புதுப் பெயின்ட் அடித்திருந்தோம். விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். பிறகு கேப்டனிடம் திரும்பி, “கையில் தீக்காயத்தோடு ஒருவர் இருக்கிறாரே, அவரை நான் பார்க்கவேண்டும்” என்றார்.

கேப்டனின் முகத்தை நான் பார்க்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ். ஸ்ட்ரெச்சரை ஏணியில் இறக்கும்போது ஒரு பக்கம் பெனிட்டோ, ஒரு பக்கம் நான். “டேய், போய் நல்லபடியா வா” என்று பெனிட்டோ தமிழிலேயே சொன்னார். ஜிக்னேஷ் தலையாட்டினார்.

மார்ச் 10

பதினேழு குறைகள். கப்பல் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் சரிசெய்து, அவர்கள் மறுபடி வந்து பார்த்து, சரி என்று சொல்லும்வரை நகரக்கூடாது. அறிவிப்பை ஏணிப் பக்கம் ஒட்டிவிட்டார்கள்.

ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் முறை பன்னிரண்டு மணிக்கு. ஓர்லா கீனன் ஐந்து மாதப் படிவங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பியிருந்தார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஆமாம்.”

“ஐந்து மாதமும் பம்ப் வேலை செய்ததா?”

கடைசிப் படிவத்தை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன்.

“இதோ, ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐந்திலும் காலியாக இருக்கிறது.”

என்னிடம் கேப்டன் தேர்வு பாஸான சான்றிதழ் ஆறு வருஷமாக இருக்கிறது. பொய்ப் பதிவு என்று நிரூபித்தால் அது போய்விடும். நாற்பத்து நாலு வயது. அந்த அறையில் ஹீட்டர் மிக அதிகமாக வைத்திருந்தார்கள்.

“போசன் சோதித்துவிட்டு எனக்குச் சொல்வார். அவர் சரி என்று சொன்னதால் எழுதினேன்” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மார்ச் 11

ஜிக்னேஷுக்கு வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால்கூட என்று டாக்டர் ஏஜென்டிடம் சொன்னாராம். தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலை பாதி முடிந்தது.

மார்ச் 13

கம்பெனியிலிருந்து சூப்பரின்டென்டென்ட் வந்துவிட்டார். தணிகைவேல், சென்னைக்காரர். எஞ்சினியராக இருந்து அலுவலகத்துக்குப் போனவர். மதியம் எல்லாரையும் உணவறையில் கூட்டினார். ரிப்பேர் ஆட்கள் நாளை வருவார்கள், புது வால்வு விமானத்தில் வருகிறது என்றார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்:

“அந்தம்மா ஏறின உடனே நேரா பம்ப் ரூமுக்குப் போயிருக்காங்க. யாரோ மேப் போட்டுக் குடுத்திருக்காங்க. அது யாருன்னு தெரியாம நான் இந்தக் கப்பல விட்டு இறங்கமாட்டேன்.”

பெனிட்டோ மட்டும் கையைத் தூக்கினார்.

“சார், புது வால்வு இவ்வளவு சீக்கிரம் விமானத்துல வரும்னா, அக்டோபர்லயே வந்திருக்கலாமே சார்?”

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தணிகைவேல் சிரிக்கவில்லை. பெனிட்டோவின் பெயரை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

மார்ச் 14

பெனிட்டோ மேல்தளத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நான்தான் எழுதிப்போட்டேன்னு நெனைக்கான் அவன். ஃபோனக் குடுன்னு வாங்கிப் பாத்தான். எனக்கு இங்கிலீசுல நாலு வரி எழுதத் தெரியுமாவே? நீயாவது எடுத்துச் சொல்லேன்.”

“சொல்லுதேன் மச்சான்.”

“எழுதலன்னு சொல்லவும் எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு, கேட்டியா. நாம எழுதியிருக்கணும்.”

காற்று பலமாக இருந்ததால் மேற்கொண்டு பேசவில்லை.

மார்ச் 15

தணிகைவேல் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ அவரே போட்டுக் கொடுத்தார்.

“கிளாட்வின், ஓபனா பேசறேன். ஐரோப்பாவுல ஒரு கப்பல நிறுத்தினா அந்தப் பக்கத்து நாடுங்க அத்தனையும் கம்ப்யூட்டர்ல பாத்துடும். இனிமே இந்தக் கப்பல் எங்க போனாலும் முதல் நாளே ஏறுவாங்க. அதனால இத இந்தப் பக்கம் அனுப்பப் போறதில்ல. ஒவ்வொரு கடலுக்கும் ஒரு லிஸ்ட் இருக்கு. ஒரு லிஸ்ட்ல பேரு கெட்டா அடுத்த லிஸ்ட்டுக்குப் போயிட வேண்டியதுதான். புதுப் பேரு, புதுக் கொடி. புது கேப்டனும் வேணும். பிஷ்ட் இதோட சரி.”

அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் “யார் சார்?” என்று கேட்டேன்.

“உங்க பேர நான் சொல்லியிருக்கேன். ஆனா ஆபீஸ்ல ஒரு கேள்வி வரும். அஞ்சு மாசம் கையெழுத்து போட்டவரு இவரு தானேன்னு. நீங்க அந்தம்மாகிட்ட சொன்னத எனக்கும் ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க. போசன் தப்பா ரிப்போர்ட் பண்ணான், வெளியாட்களோட தொடர்பு வச்சிருந்தான்னு சந்தேகம், அவ்வளவு போதும். உங்க மச்சான்னு தெரியும். அதனாலதான் நீங்க எழுதினா வெயிட்டு. சொந்தக்காரன விட்டுக்குடுத்து எவனும் பொய் எழுதமாட்டான் பாருங்க.”

லெட்டர் ஏற்கெனவே டைப் செய்யப்பட்டிருந்தது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பெனிட்டோவுக்கு எப்படியும் இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது. முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். வீட்டில் இருந்தால் நல்லதுதான். டீயில் சீனி அதிகம்.

மார்ச் 16

ஓர்லா கீனன் வால்வு வேலையைப் பார்க்க வந்தார். வேலையாட்கள் தள்ளிப் போனதும் என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். ஆனால் அதில் எழுதியவருக்கு வால்வின் வரைபட எண் தெரிந்திருக்கிறது. அலுவலகத்துக்கு எந்தெந்தத் தேதியில் கடிதம் போனது என்று தெரிந்திருக்கிறது. ஒரு போசனுக்கு அதெல்லாம் தெரியுமா?”

“எனக்குத் தெரியாது மேடம்.”

“எழுதியவர் ஒரு மனிதரின் கையைக் காப்பாற்ற நினைத்தவர். அவர் முன்வந்து பேசினால் அவருடைய படிவங்களைப் பற்றி நான் வேறு மாதிரி எழுத முடியும். இன்னொருவரை வேலையைவிட்டு அனுப்புவதையும் தடுக்க முடியும். வெள்ளிக்கிழமை வரை என் ஃபோன் திறந்தே இருக்கும்.”

கார்டை என் கையில் கொடுக்கவில்லை. குழாயின்மேல் வைத்துவிட்டுப் போனார். மழையில் நனைந்துவிடும் என்பதால் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 18. வெள்ளி

பெனிட்டோவை அனுப்பிவிட்டார்கள். ஒன்பதரைக்கு வேன். கம்பெனிக்கு ஆள் பிடித்துத் தரும் எல்லா ஏஜென்டுகளுக்கும் அவர் பெயர் போய்விட்டது என்று தணிகைவேல் காலையிலேயே சொன்னார். இனி எந்தக் கப்பலும் எடுக்காது.

ஏணி வரைக்கும் போனேன். பெரிய பையை அவரே தோளில் போட்டிருந்தார். வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. லெட்டரை அவரிடம் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை. ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“பம்ப் சரியில்லன்னு நான் ஒன்ட்ட சொல்லவே இல்லையா மாப்ள?”

டெக்கில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“வேன் வந்துருச்சு மச்சான்” என்றேன்.

“ஆமா, வந்துருச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். முட்டி வலியால் ஒவ்வொரு படியாக இறங்கினார். நேரமானது.

மாலையில் ஃபோன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பரிசோதனை நீண்டுவிட்டது.

மார்ச் 19

வேலை அதிகம். எழுத நேரமில்லை.

மார்ச் 28

மறு சோதனை. பம்ப் ஓடியது. குழாயிலிருந்து தண்ணீர் கரைமேடையின் அந்தப் பக்கம் வரை பாய்ந்தது. ரிப்பேர் ஆட்கள் கைதட்டினார்கள். ஓர்லா கீனன் பதினேழையும் ஒவ்வொன்றாக அடித்து, கப்பலை விடுவிக்கும் தாளில் கையெழுத்திட்டார். எல்லாருடனும் கைகுலுக்கினார். என்னிடம் வரும்போது கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

இதையும் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பம்ப்பில் இப்போது தண்ணீர் வருகிறது. இருபத்தோரு பேர் இந்தக் கப்பலில் இருக்கிறோம்.

ஏப்ரல் 6. கடலில்

ஃபோனில் ரெஜினா:

“அண்ணன் வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. மேல ரூம்ல படுத்தே கெடக்கு. என்ன நடந்துச்சுன்னு கேட்டா கம்பெனில ஆளக் கொறைக்கானுவன்னு சொல்லுது. நீங்க அங்கதான இருக்கிய, உங்களுக்குத் தெரியாமலா?”

“ஆமா ரெஜினா, ஆளக் கொறைக்காவ.”

“உங்களயும் கொறைப்பாவளா?”

“இல்ல.”

சிக்னல் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 11

கப்பலில் எழுதியிருந்த செரீனா கோஸ்ட் என்ற பெயரின்மேல் இன்று பெயின்ட் அடித்தார்கள். இனி கோரல் ஜாய். கொடியும் மாறிவிட்டது. நான் இதுவரை கால் வைக்காத ஒரு நாட்டின் கொடி. பழைய எழுத்துகள் இரும்பில் புடைத்து இருப்பதால் வெயில் சாய்வாக விழும்போது இரண்டு பெயரும் தெரிகின்றன.

கேப்டன் பிஷ்ட் இறங்கிவிட்டார். அறையைக் காலிசெய்யும்போது தன் மேசை விளக்கை எனக்கு விட்டுப்போனார். “பழகிவிடும்” என்று மட்டும் சொன்னார். விளக்கையா, வேறெதையாவதா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

என் தோளில் இப்போது கேப்டனின் நாலு பட்டை. ரெஜினாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 18. வேறொரு கடல்

எந்தத் துறைமுகம் என்று எழுதவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் பெரிதாக நடக்கவுமில்லை. சோதனை அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். என் அறையில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், கிரிக்கெட் பார்ப்பவர். உயிர்காப்புப் படகின் எஞ்சின் போன மாதத்திலிருந்து மறுபடி கிளம்புவதில்லை. அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அவர் படகைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புதுச் சீஃப் ஆபீசர் அறை வாசலில் கையில் ஒரு ஃபைலோடு வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. பிறகு பேசலாம் என்று கண்ணால் காட்டினேன், போய்விட்டார்.

முப்பத்தைந்து நிமிஷம். குறை ஏதுமில்லை.

ஆகஸ்ட் 20. அதே துறைமுகம்

காலை எட்டேகாலுக்கு பெனிட்டோ கூப்பிட்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. பின்னால் பெரிய சத்தம். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாராம், ஐஸ்கட்டி உடைக்கும் இயந்திரம் அது.

“கேப்டன் ஆயிட்டியாமே. ரெஜினா சொன்னா.”

“ஆமா மச்சான். முட்டி எப்படி இருக்கு?”

“அது கெடக்கு. நேத்து ஜிக்னேஷ் பேசுனான் மாப்ள. அவம் ஊர்ல இருக்கான். இடது கையால எழுதப் பழகுதானாம். எனக்கு நன்றி சொல்லுதான். நீங்க மட்டும் அந்த லெட்டர எழுதலன்னா நான் செத்திருப்பேன், கடல்ல போட்டிருப்பாங்கன்னு சொல்லி அழுவுதான். நான் இல்லப்பான்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கான்.”

அவர் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்திருக்கவேண்டும், குரல் தெளிவாகக் கேட்டது.

“அதுக்கப்புறம் ராவு பூரா யோசிச்சுப் பாத்தேன். அந்தக் கப்பல்ல அப்படி எழுதக்கூடிய ஆளு யாரு இருந்தான்னு. கேனரில நிக்கும்போது நீ பிரிட்ஜு ஓரத்துல ரொம்ப நேரம் நின்ன. நீதானா மாப்ள அது?”

“மச்சான்...”

“கோவத்துல கேக்கல. சத்தியமா இல்ல. நீயா இருந்தா எனக்கு நல்லாருக்கும், அதுக்குத்தான் கேக்கேன். என் பேர்ல நீ போட்ட கையெழுத்தக்கூட பயந்து போட்டதுன்னு எடுத்துக்கிருவேன். பயம் எல்லாருக்கும் உண்டும்லா. எந்தங்கச்சிய ஒரு மனுசனுக்குத்தான் கட்டிக் குடுத்திருக்கோம்னு நெனச்சுக்கிருவேன். ரெஜினாவுக்கும் எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அவட்டயும் நான் சொல்லிக்கிருவேன்.”

என் சொந்த ஃபோன்தான். அறையில் யாரும் இல்லை. கதவும் சாத்தியிருந்தது. ஆனாலும் அலுவலகத்துக்கு எது எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. இந்தக் கம்பெனியில் இன்னும் பதினாறு வருஷம் இருக்கிறது எனக்கு.

“இல்ல மச்சான். நான் இல்ல” என்றேன்.

இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“சரி மாப்ள. அப்ப அது யாரோ ஒரு நல்ல மனுசன்” என்றார். “எங்க இருந்தாலும் நல்லாருக்கட்டும்.”

வைத்துவிட்டார்.

அவர் எண்ணை மூன்று தடவை அழுத்தினேன். மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். ஒன்பது மணிக்கு வழிகாட்டத் துறைமுகப் பைலட் ஏறிவிட்டார். கப்பலை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.